சாவி இல்லாப் பூட்டுகள்

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தோர்க்குப் பூட்டின் இலக்கணத்தைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. மலைக்கோட்டையைச் சூழ்ந்த இந்நகரிலும் அண்டைக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் அரம் பிடித்துச் செய்யப்பட்ட பூட்டுகள், ஊரின் பெயரை நெடுந்தொலைவு கொண்டு சென்றன. மாங்காய்ப் பூட்டு என்று சொன்ன மாத்திரத்தில் அதன் வடிவும் கனமும் முதியோர் பலரின் உள்ளங்கையில் வந்து அமரும். அலிகார் நகரிலிருந்து விலை மலிந்த பூட்டுகள் வந்து குவிந்தபின் இத்தொழில் தளர்ந்தது; பட்டறைகள் குறைந்தன. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமை வந்து சேர்ந்தபோது பெருமைக்குரிய கைகள் சிலவே எஞ்சியிருந்தன.

பூட்டைச் செய்கின்றவர் அதனோடு சாவியையும் செய்கின்றார் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழைவது. அயலார் கைக்கு அசையாதிருப்பது பாதி. உரியவர் கைக்கு உடனே திறப்பது மறுபாதி. முதற்பாதியை மட்டும் முடித்து, இரண்டாம் பாதியை மறந்துபோன ஒருவரைப் பூட்டுத் தொழிலாளி என்று இவ்வூர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் இன்று நம் இல்லங்களுக்குள் நுழையும் புதுப்பொருள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒருவகையில் பூட்டப்பட்டே வருகின்றது. எவர்சில்வர் பாத்திரத்தின் வயிற்றில் பளபளக்கும் ஸ்டிக்கர்; பிளாஸ்டிக் வாளியின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூப்படம்; எண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் இறுகிய பிளாஸ்டிக் உறை; அதன் மூடிக்குள்ளே இன்னோர் அலுமினியத் தகடு. இவற்றையெல்லாம் பூட்டத் தெரிந்தவர்கள் சாவியைக் கொடுத்தனுப்புவதில்லை. நகமும் பல்லும் கத்திமுனையும்தாம் சாவி.

எங்கள் இல்லத்துப் பெண்ணொருத்திக்குத் திருமணம் நிச்சயமாகிச் சீர்ப் பாத்திரங்கள் வாங்கியபோது இதை நாங்கள் நன்கு உணர்ந்தோம். குடம் முதல் கரண்டி வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள். பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருபவரிடம் கொண்டுபோனால் அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஸ்டிக்கர எடுத்துட்டுக் கொண்டாங்கம்மா, அது மேல மிசினு ஓடாது" என்று திருப்பியனுப்பிவிட்டார். ஓர் உண்மை அப்போதுதான் எங்களுக்குப் புலப்பட்டது. பெண்ணின் பெயர் எழுதப்படவேண்டிய இடத்தில், அதைச் செய்து விற்றவரின் பெயர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கின்றது. நம் பாட்டிமார் காலத்தில் பித்தளைப் பாத்திரத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்தபின்னும் அழியாதிருந்தது. அது உடையவரின் பெயர். செய்தவர் தம் பெயரைத் தம் வேலையின் தரத்தில் விட்டுச் சென்றார்.

அன்று மாலை முற்றத்தில் பாய் விரித்துப் பாத்திரங்களைப் பரப்பினோம். பிள்ளைகள் நகத்தால் சுரண்டினர். மேல்தாள் மட்டும் நார்நாராகக் கிழிந்து வந்தது. பசையோடு ஒட்டிய அடித்தாள் வெள்ளைத் திட்டாக அப்படியே நின்றது. ஒருவன் கத்தியை எடுத்தான். அதற்குள் சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த சித்தி, "கத்திய வையிடா, கீறல் விழுந்தா ஆயுசுக்கும் போகாது" என்று தடுத்து, அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொன்னார். கொதிக்கும் நீரைக் குடத்துக்குள் ஊற்றி நாலைந்து நிமிடம் விட்டார். பின்னர் ஸ்டிக்கரின் ஒரு மூலையை மட்டும் விரலால் கிளப்பி, தாள் தன்மேலே மடிந்து வருமாறு, அவசரமே இல்லாமல் இழுத்தார். முழுத்தாளும் ஒரே துண்டாக வந்து கையில் சுருண்டது. சிறு தட்டுகளையும் மூடிகளையும் அடுப்பனலில் ஒருகணம் காட்டி எடுத்து அவ்வாறே உரித்தார். எஞ்சிய பிசுபிசுப்பின்மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்து, சீயக்காய்த் தூளிட்டுக் கழுவினார். ஒட்டியிருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை.

சித்தியின் கைப்பழக்கத்திற்குப் பின்னே நல்ல அறிவியல் உண்டு. முற்காலத்தில் மைதாப் பசையோ பிசினோ தடவி ஒட்டிய தாள், நீரில் ஊறினால் தானே கழன்று விழும். அந்தப் பசை காய்ந்து இறுகிப் பிடித்தது. நீர் பட்டவுடன் இளகியது. இன்றைய ஸ்டிக்கரின் பசையோ காய்வதே இல்லை. ரப்பர் வகைப் பொருளாலோ அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாலோ ஆன அது, திண்மத்திற்கும் திரவத்திற்கும் நடுவே என்றென்றும் நிற்கின்றது. அழுத்தினால் திரவம்போலப் படர்ந்து, பரப்பின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் புகுந்துகொள்ளும். வெடுக்கென இழுத்தால் திண்மம்போல் விறைத்து எதிர்க்கும். அந்தப் போட்டியில் தோற்றுக் கிழிவது நடுவிலுள்ள தாள். மெல்ல இழுத்தாலோ பசை நெகிழ்ந்து வழிவிடும். வெப்பம் அந்த நெகிழ்வைக் கூட்டுகின்றது. எண்ணெய், பசைக்குள் ஊடுருவி அதன் பிடியைத் தளர்த்துகின்றது. நீரோடு உறவில்லாத பசைக்கு எண்ணெயே உறவு. துணியில் ஒட்டிக்கொண்டதற்கு மட்டும் வழி நேர்மாறானது: பனிக்கட்டியை வைத்துக் குளிரச் செய்தால் பசை விறைத்து நொறுங்கும், எண்ணெய்க் கறையும் படியாது.

கொடைக்கானல் சென்று திரும்புவோர் தவறாமல் வாங்கி வரும் யூகலிப்டஸ் தைலமும் இவ்வேலைக்கு மிக உகந்தது. தலைவலிக்கும் சளிக்கும் வைத்திருக்கும் அதில் சில துளிகளைப் பஞ்சில் நனைத்து வைத்தால், தேங்காய் எண்ணெய்க்கு மசியாத பசையும் மசியும். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கி அலமாரியில் மறந்துபோன கைகழுவும் சானிடைசரும், அதிலுள்ள ஆல்கஹாலின் வலுவால் பல ஸ்டிக்கர்களைக் கரைத்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் மட்டும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பசையோடு பொருளின் மெருகையும் தின்றுவிடும். பெட்ரோல், தின்னர் முதலியவற்றை அடுப்புள்ள வீட்டில் இதற்கென எடுக்கவே வேண்டா.

ஸ்டிக்கரின் வரலாற்றைப் புரட்டினால் வியப்பொன்று காத்திருக்கின்றது. தானே ஒட்டும் ஸ்டிக்கரை வணிகப் பொருளாக்கியவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்டான் ஏவரி. 1935-ஆம் ஆண்டில், தாம் மணக்கவிருந்த பெண்ணிடம் நூறு டாலர் கடன் பெற்று, பழைய இயந்திரப் பாகங்களைக் கொண்டு தாமே அமைத்த பொறியால் அவர் ஸ்டிக்கர் செய்யத் தொடங்கினார். பரிசுப் பொருள்கள் விற்கும் கடைகளில் விலை குறிக்கவே அவை முதலில் பயன்பட்டன. அவர் தம் நிறுவனத்துக்கு இட்ட பெயர் 'கம் கிளீன்'. சுத்தமாகக் கழன்று வந்துவிடும் என்பது அதன் பொருள். பழைய பசைத்தாள் பொருளைக் கறைப்படுத்திற்று. இது கறையின்றிப் போகும் என்பதே அவர் சந்தைக்குத் தந்த வாக்கு. ஆக, ஒட்டுவதற்காக மட்டும் ஸ்டிக்கர் பிறக்கவில்லை. வேலை முடிந்ததும் சுவடின்றி விலகுவதற்காகவும் பிறந்தது. அந்தச் சாவியைச் செய்தவரே கொடுத்திருந்தார். பின்வந்தோர் விலை குறைந்த பசையைத் தேடியபோதும், தம் பெயர் நெடுநாள் நிலைக்கவேண்டுமென விரும்பியபோதும் அது தொலைந்து போயிற்று.

விலைச் சீட்டைக் கிழித்துவிட்டே பரிசு கொடுப்பது நம்மிடையே நெடுநாளைய நாகரிகம். புதுநன்மை பெறும் பிள்ளைக்குக் கொடுக்கும் பேனாவானாலும், புதுமனை புகுவோர்க்குக் கொடுக்கும் குத்துவிளக்கானாலும், அதன் விலையைப் பெறுபவர் அறியலாகாது என்பது நம் உள்ளத்தின் மென்மை. ஆனால் கடைக்காரரிடமிருந்து நாம் வாங்கும்போது விலையைக் காண்பது நம் உரிமை. பொட்டலப் பொருள்களின்மேல் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடும் முறை 1990-ஆம் ஆண்டில் வந்தது. அச்சிட்ட விலையைக் கூட்டிக் காட்ட அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டலாகாது என்றும், விலையைக் குறைத்துக் காட்ட ஒட்டலாம், ஆயினும் அது பழைய விலையை மறைக்கலாகாது என்றும் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் கூறுகின்றன. ஒரு ஸ்டிக்கரின் அடியில் இன்னோர் எண் தெரிகின்றதா என்று உற்றுப்பார்க்கும் இல்லத்தரசியைக் கஞ்சத்தனம் உள்ளவரென்று நகைப்பது தகாது. அவர் சட்டத்தின் கண்ணாக இருக்கின்றார்.

ஆப்பிள் பழத்தின்மேல் ஒட்டிய வட்டச் சீட்டையும் இங்கே நினைவுகூரலாம். உண்ணும் பொருளின்மேல் நேராக ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிர்க்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வணிகர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. அச்சீட்டுத் தரச்சான்று என்று நம்பி அதற்காகவே கூடுதல் விலை கொடுப்போர் உளர். நம் சிறுமலை வாழைப்பழத்தின்மேல் யாரும் சீட்டு ஒட்டுவதில்லை. தோலின் சுருக்கமும் மணமுமே அதன் முகவரி.

உரிக்கவே மனமின்றி வைத்துக்கொள்வோரும் நம்மிடையே இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய மின்சிக்கன நட்சத்திரக் குறியீடு, வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வந்தது. அதுவோ குளிர்பதனப் பெட்டியின் கதவில் மங்கி வெளிறிப் பத்தாண்டுக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாம் குறை சொல்ல மாட்டோம். மாதத் தவணை கட்டி வாங்கிய பொருள் இன்னும் சிலநாள் புதிதாகவே இருக்கட்டும் என்னும் ஆசை, உழைத்துச் சேர்ப்போர்க்கே உரியது.

இதுவரை சொன்னவற்றில் நட்டம் பெரும்பாலும் பாத்திரத்தின் அழகுக்கும் பையிலுள்ள சில ரூபாய்க்குமே. மருந்துப் புட்டியின் முத்திரை அத்தகையதன்று. அங்கே உயிர் இருபுறமும் நிற்கின்றது.

1982-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகர்ப் பகுதியில் ஏழு பேர் திடீரென மாண்டனர். அனைவரும் டைலெனால் என்னும் வலிநீக்கி மாத்திரையை உட்கொண்டவர்கள். கடை அலமாரியிலிருந்த புட்டிகளை எவரோ திறந்து, மாத்திரைக் கூடுகளுக்குள் சயனைடு நஞ்சை இட்டு, மீண்டும் மூடி வைத்திருந்தது தெரியவந்தது. அக்கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே, பிறர் திறந்தால் அடையாளம் தெரியும்படி மருந்துப் பொதிகள் இருக்கவேண்டுமென அந்நாட்டு அரசு விதி செய்தது. புட்டியின் கழுத்தைச் சுற்றிய உறையும், மூடி திறக்கும்போது அறுந்து விழும் வளையமும், வாயை மூடிய தகடும் உலகெங்கும் பெருக அந்நிகழ்ச்சி பெருங்காரணம். ஆதலின் முத்திரையைச் சபிக்கும்முன் அந்த எழுவரையும் நாம் நினைக்கவேண்டும். முத்திரை வணிகத்தின் வீம்பு அன்று. முன்பின் அறியாத கை நம் மருந்தைத் தொடவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆயினும் அயலாரைத் தடுக்கும் முத்திரை, உரியவரையும் தடுத்துவிட்டால் என்னாகும்?

ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் எங்கள் பெரியம்மா தனியே வாழ்கின்றார். எழுபத்தாறு வயது. விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிவிட்டன. கண்ணில் நீர் அழுத்த நோய் கண்டு, நாள்தோறும் இரவில் ஒரு சொட்டு மருந்து விடவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. இந்நோயில் வலியில்லை; ஓசையின்றிப் பார்வையைத் தின்னும்; தின்றது மீளாது. மருந்து இருக்கும் பார்வையைக் காக்குமேயன்றிப் போன பார்வையைத் தராது. சில மாதங்கள் கழித்துச் சோதித்த மருத்துவர், அழுத்தம் சிறிதும் குறையவில்லையே என்று வியந்து, அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமோ என ஐயுற்றார்.

பெரியம்மாவின் தலைமாட்டுப் பெட்டியில் மூன்று சிறு புட்டிகள் இருந்தன. இரண்டில் முத்திரை வளையம் அறுபடவேயில்லை. மூன்றாவதின் மூக்கில் ஊக்கினால் குத்திய துளை ஒன்று. மூடியை இறுக்கித் திருகினால் அதற்குள்ளிருக்கும் முள்ளே புட்டியின் மூக்கைத் துளைக்கும் வகை அது. அதைச் செய்ய அந்த விரல்களுக்கு வலுவில்லை. ஊக்குத் துளை பெரிதாகிப்போய், மாதத்துக்கு வரவேண்டிய மருந்து நான்கே நாளில் வழிந்து தீர்ந்துவிட்டது.

"வெரலு புடிக்க மாட்டேங்குதுப்பா. ஒவ்வொரு தரமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டா அது என்ன நெனைக்கும்? டாக்டரு கேட்டாரு, விடுறேன்னு சொல்லிட்டேன்" என்றார் பெரியம்மா. ஊரில் நான்கு பேருக்குச் சோறு போட்ட கை அது. ஒரு சிறு மூடிக்காகப் பிறரிடம் நீட்ட அது கூசிற்று. அந்தக் கூச்சத்துக்கு அவர் கொடுத்த விலை, வலக்கண்ணின் ஓரப் பார்வை.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது மாதத்திற்கொருமுறை வந்து புதுப்புட்டியைத் திறந்து தருகின்றாள். திறந்த சொட்டு மருந்தைப் பொதுவாக நான்கு வாரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது என்பதால், தன் பள்ளி நோட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டு ஒன்றில் திறந்த தேதியை எழுதிப் புட்டியின்மேல் ஒட்டிவிடுகின்றாள். அடுத்த சோதனையில் அழுத்தம் தணிந்திருந்தது. அறுவை பற்றிய பேச்சை மருத்துவர் நிறுத்திக்கொண்டார். ஓரப் பார்வை திரும்பவில்லை.

இக்குறை பெரியம்மாவின் விரல்களில் இல்லை. புட்டியை வடிவமைத்தோர் எந்த விரலை நினைத்து வடிவமைத்தனர் என்பதில்தான் இருக்கின்றது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிறுபிள்ளைகள் நஞ்சையும் மருந்தையும் விழுங்கிவிடாதிருக்க, குழந்தை திறக்கவியலாத மூடிகளை அமெரிக்கா 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. அம்மூடிகளைப் பெரியோர் திறக்க முடிகின்றதா என்று சோதிக்க அழைக்கப்பட்டோர் 18 முதல் 45 வயது வரையினர். முதியோர் திணறினர், பலர் ஒருமுறை திறந்த மூடியை மீண்டும் மூடாமலே வைத்தனர். அதனால் மூடியின் நோக்கமே கெட்டது. 1995-ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. 50 முதல் 70 வயது வரையினரே திறந்து காட்டவேண்டும் என்றாயிற்று. குழந்தையைத் தடுக்கும் வலுவைக் குறைக்காமலே, முதியவர்க்கு எளிதில் திறக்கும் மூடியைச் செய்ய இயலும் என்பது அதன்பின் மெய்ப்பட்டது. கேட்ட பின்னரே சாவி செய்யப்பட்டது. கேளாதிருந்த இருபத்தைந்து ஆண்டும் குறை முதுமையின் மேலேயே ஏற்றப்பட்டிருந்தது.

பெருநிறுவனங்களைத் திருத்துவது நம் ஒருவரால் ஆகாது. ஆயினும் நம் கைக்கெட்டிய சிலவுண்டு. மருந்துக் கடையில் முதியவர் ஒருவர் வாங்கும்போது, முத்திரை சரியாயிருப்பதை அவருக்குக் காட்டி, அவர் விரும்பினால் அவர் கண்ணெதிரேயே திறந்து, திருகி மூடிக் கொடுக்குமாறு கேட்கலாம். வீட்டில் அவர் திறந்து பார்க்கும் வரை காத்திருந்து விடைபெறலாம். கண் மருந்துப் புட்டியை ஊசியாலும் ஊக்காலும் குத்தலாகாது என்று சொல்லி, மூடியின் முள்ளைக் காட்டித் தரலாம். பரிசாகக் கொடுக்கும் பொருளின் ஸ்டிக்கரை நாமே வெந்நீரும் எண்ணெயும் கொண்டு நீக்கிவிட்டுக் கொடுக்கலாம். பெறுபவரின் நகத்துக்கு அந்த வேலையை விட்டுவைக்க வேண்டா.

பண்டிகைக்கு ஊர் செல்லும்போது, பெரியவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் ஒரு சிறு வேலை செய்வோமாக. நலமா என்று கேட்டால் நலமே என்பார்கள். மருந்து சாப்பிடுகின்றீர்களா என்றால் ஆம் என்பார்கள். அந்த விடைகளோடு நில்லாமல், தலைமாட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து, முத்திரை உடையாத புட்டிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம்.